பினாங்கில் அரை நாள்: கப்பல்காரர்களின் பஸ் டூரில் போவதா, நாமே சுற்றுவதா?

செம்பூர் வித்யா:

தீபாவளி லீவில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகிறோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகன், என் மாமியார். மும்பையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். புக்கெட்டில் கடற்கரையோடு சரி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. குழப்பமெல்லாம் பினாங்கில்தான்.

கப்பல் அங்கே பகல் 1 மணிக்கு வருகிறது, இரவு 8 மணிக்குக் கிளம்புகிறது. 7 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டுமாம். கப்பல் கம்பெனியே நாலரை மணி நேர பஸ் டூர் ஒன்று விற்கிறது. ஜார்ஜ் டவுனில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு சுற்று, சயன புத்தர் கோயில், கெக் லோக் சி கோயில், நடுவில் ‘உள்ளூர்க் கைவினைப் பொருள் கடை’. ஏசி பஸ், ஆங்கிலம் பேசும் கைடு. நாலு பேருக்கும் சேர்த்து 30,000 ரூபாயைத் தாண்டுகிறது. கணவர் “காசு போனால் போகட்டும், நிம்மதி” என்கிறார்.

மாமியார் விஷயம் வேறு. அவருக்குக் காரைக்குடிப் பக்கம். அவருடைய தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவராம். சின்ன வயசிலிருந்தே ‘தண்ணீர்மலை முருகன், தண்ணீர்மலை முருகன்’ என்று கேட்டு வளர்ந்திருக்கிறார். கப்பல் பினாங்கில் நிற்கும் என்று சொன்ன அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. பஸ் டூரில் தண்ணீர்மலை இல்லை.

வயசு 74, இரண்டு முட்டியிலும் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார். படி என்றால் கஷ்டம். போன வருஷம் எலிஃபெண்டா கூட்டிப் போனோம். படகு, குட்டி ரயில் வரைக்கும் உற்சாகமாகத்தான் வந்தார். குகைக்கு ஏறும் படிக்கட்டில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தூக்கு நாற்காலிக்காரர்கள் வந்து கேட்டார்கள். “நாலு பேர் தூக்கிக்கொண்டு போக எனக்கு இன்னும் நேரம் வரவில்லை” என்று அனுப்பிவிட்டார். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கப்பலில் அப்படி பஸ் டூர் போனவர்கள் யாராவது இருந்தால், அது உண்மையில் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். இவரை வைத்துக்கொண்டு சரிப்படுமா? சாப்பாடு நாங்கள் சைவம், மகனைத் தவிர. அவன் எதற்கும் தயார்.

முலுண்ட் சாரதா:

வித்யா, பினாங்கில் எதற்கு பஸ் டூர்? சில ஊர்களில் கப்பல் துறைமுகம் எங்கோ இருக்கும், ஊர் எங்கோ இருக்கும். அங்கே சரி. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்ததும் எதிரே விக்டோரியா ராணி மணிக்கூண்டு. ராணியின் ஆட்சிக்கு 60 வருஷம் ஆனதற்காகக் கட்டியதால் உயரமும் 60 அடி. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து லிட்டில் இந்தியா பத்து நிமிஷ நடை. ஜார்ஜ் டவுன் 2008-இலிருந்தே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர். பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்க்க 30,000 கொடுப்பேன் என்றால் நான் விடமாட்டேன்.

கிராப் ஆப்பை இங்கேயே போனில் போட்டு, கார்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஓலா, ஊபர் மாதிரிதான். ஆறு பேர் உட்காரும் வண்டியும் கிடைக்கும். ஊருக்குள் சுற்ற இலவச பஸ்கூட உண்டு, கேட் என்று பெயர். மாமியாருக்கு நடக்க முடியாவிட்டால் மணிக்கூண்டுப் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷா நிற்கும். அங்கே நாம் முன்னால் உட்கார வேண்டும், ஓட்டுபவர் பின்னால். மேலே குடை, சுற்றிலும் காகிதப் பூ. ஏறும் முன்பே பேரம் பேசிவிடுங்கள்.

டோம்பிவிலி ராமன்:

நான் மத்திய ரயில்வேயில் டைம்டேபிளோடு குடித்தனம் நடத்தியவன். அதனால் இந்த விஷயத்தை மணிக்கணக்கில்தான் பார்ப்பேன், மன்னிக்கவும்.

நானும் என் மனைவியும் பினாங்கில் கிட்டத்தட்ட இதே பஸ் டூரில் போனோம். எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் கப்பலின் தியேட்டரில் வந்து உட்காரச் சொல்வார்கள். சட்டையில் ஒட்டிக்கொள்ள பஸ் நம்பர் போட்ட ஸ்டிக்கர் தருவார்கள். நம்பர் கூப்பிட்டதும் வரிசையாக இறங்கி, மலேசியக் குடியேற்ற வரிசையில் நின்று, பஸ்ஸுக்குப் போக வேண்டும். இதற்கே முக்கால் மணி போய்விட்டது. இத்தனைக்கும் டூர் வாங்கியவர்களைத்தான் முதலில் இறக்குகிறார்கள். தானாகச் சுற்றப் போகிறவர்களின் முறை அதற்குப் பிறகுதான். சாரதா அம்மா இதைச் சொல்லவில்லை.

அப்புறம் பஸ். நாற்பது பேர் இறங்கவும் நாற்பது பேர் ஏறவும் ஒவ்வொரு இடத்திலும் கால் மணி. கைடு மஞ்சள் விசிறியைத் தூக்கிப் பிடித்தபடி தலை எண்ணுவார். ஒரு தலை குறையும். அந்தத் தலை கழிப்பறையிலோ காந்த ஸ்டிக்கர் கடையிலோ இருக்கும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் கல்யாண் ஸ்லோ வண்டி மாதிரிதான். கடை என்று அவர்கள் போட்டிருப்பதற்கு அரை மணி எடுத்து வையுங்கள். ஜாதிக்காய் எண்ணெய், ஜாதிக்காய் ஊறுகாய், வெள்ளைக் காப்பிப் பொடி எல்லாம் விற்கிறார்கள். ஜாதிக்காய் அந்தத் தீவில் விளைவது, அதனால் அதை மட்டும் வாங்கலாம். இதெல்லாம் போக கெக் லோக் சியில் எங்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிஷம்.

அந்த ஐம்பது நிமிஷத்துக்காக நான் மறுபடியும் போவேன், அது வேறு கதை. 1930-இல் முடித்த ஏழு நிலைக் கோபுரம் அங்கே இருக்கிறது. அடிப்பாகம் சீன பாணி எண்கோணம், நடுப்பாகம் தாய்லாந்து, உச்சி பர்மா. மூன்று ஊர்க் கொத்தனார்களும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் முடித்திருக்கிறார்கள் என்று எங்கள் கைடு சொன்னார். அதற்கும் மேலே சுமார் 30 மீட்டர் உயரத்தில் கருணைத் தெய்வமான குவான் யின்னின் வெண்கலச் சிலை. அதுவரை போக சாய்வு லிஃப்ட் உண்டு, தனிக் கட்டணம். ஆனால் எங்கள் பஸ் கீழேயே நின்றுவிட்டது. அங்கிருந்து இரண்டு பக்கமும் கடைகள் அடைத்த படிக்கட்டுப் பாதையில் ஏறி, ஆமைக் குளத்தைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். அந்தப் படி உங்கள் மாமியாருக்கு ஆகாது. டூர் விவரத்தில் நடக்கிற ஆள் படம் போட்டு ‘மிதமான நடை’ என்று இருக்கிறதா பாருங்கள். அவர்கள் மிதம் என்பது அறுபது வயது ஆஸ்திரேலியர்களின் மிதம்.

சயன புத்தர் பிரச்சினையில்லை, எல்லாம் சமதரை. 33 மீட்டர் நீளம். செருப்பைக் கழற்ற வேண்டும், வெயிலில் வாசல் கல் கொதிக்கும், சாக்ஸ் எடுத்துப் போங்கள். சிலைக்குப் பின்னால் சுற்றி வந்தால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், போட்டோ ஒட்டி, உள்ளே அஸ்திக் கலசம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளித்தார்.

பஸ் டூரின் ஒரே பெரிய லாபம் நேரம்தான். கப்பல் கம்பெனியின் பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த டாக்ஸி மாட்டிக்கொண்டால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட்டைப் பல கப்பல்களில் அவர்களே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கெக் லோக் சி இருக்கும் ஆயர் ஈத்தாம் பக்கம் மாலை 5 மணிக்கு மேல் சாலை நகராது. நம் மும்பை சயான் சர்க்கிள் நெரிசலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே போவதென்றால் கப்பல் பஸ்ஸில் போவதுதான் சரி. ஊருக்குள்ளேயே இருப்பதென்றால் பஸ் வேண்டாம்.

இன்னொன்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். புக்கெட் ஒரு மணி பின்னால். அங்கே இறங்கியதும் உங்கள் போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். போன் 4 மணி காட்டும்போது கப்பலில் 5 ஆகியிருக்கும். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொண்டு அதைக் கப்பல் நேரத்துக்கு வையுங்கள்.

தாராவி நஸீர்:

சகோதரி, எங்கள் சொந்த ஊர் கடையநல்லூர். ஊரில் பாதி வீட்டுக்கு பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஆள் உண்டு. என் பெரியப்பா மகன் குடும்பம் சூலியா தெருவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் நான் போனால் டூரெல்லாம் கிடையாது, விருந்துதான்.

உங்கள் மாமியார் கேட்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. தண்ணீர்மலை என்று சொல்லுமிடத்தில் இரண்டு முருகன் கோயில் இருக்கிறது. மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. 2012-இல் புதிதாகக் கட்டியது. அதை விட்டுவிடுங்கள். கீழே அதே சாலையில், சமதரையில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1857-இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் ஊருக்குள் இருக்கும் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு இங்கேதான் வந்து சேரும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள், சாலையே வெள்ளையாகிவிடும். அவருடைய தாத்தா செட்டியார் கடையில் இருந்தவர் என்றால் அவர் நின்று கும்பிட்ட இடம் இந்தக் கீழ்க் கோயிலாகத்தான் இருக்கும். துறையிலிருந்து காரில் இருபது நிமிஷம், கூட்டமாக இருந்தால் அரை மணி. வாசல்வரை வண்டி போகும்.

மதியம் நடை சாத்தியிருக்கும். மாலையில்தான் திறப்பார்கள், நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். அதனால் முதலில் லிட்டில் இந்தியாவில் இலைச் சாப்பாடு, சைவம் தனியாகவே கிடைக்கும். ராணித் தெருவில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, 1833-இல் கட்டியது, பினாங்கின் பழைய இந்துக் கோயில் அதுதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801-இல் நம் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொய்தீன் ஆரம்பித்தது. தொழுகை நேரம் தவிர யாரும் உள்ளே போகலாம், மேலே போட்டுக்கொள்ள அங்கி அவர்களே தருவார்கள். கடைக்காரர்கள் தமிழ்தான் பேசுவார்கள், உங்கள் மாமியாருக்குக் கைடே தேவைப்படாது. மகனுக்கு நாசி கண்டார், அதாவது சோற்றில் பலவகைக் கறிக் குழம்பு ஊற்றித் தரும் நம் ஆட்களின் சாப்பாடு. அதற்கு இடம் நான் சொல்கிறேன், தனிச் செய்தி அனுப்புங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தீபாவளி அன்று மலேசியாவில் அரசு விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் நம் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றைச் சாத்திவிட்டு ஊழியர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் திருவிழாக் கூட்டம், மறுநாள் என்றால் காலித் தெரு. நீங்கள் போவது எந்த நாள்?

செம்பூர் வித்யா:

எல்லோருக்கும் நன்றி. நஸீர் அண்ணா, கீழே ஒரு கோயில் இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அத்தையிடம் படித்துக் காட்டினேன். “தேங்காய் உடைத்து ரோடே வெள்ளையாகும்னு தாத்தா சொன்னதா எங்கம்மா சொல்வா” என்றவர், அதற்கப்புறம் பஸ் பேச்சையே எடுக்க விடவில்லை. பினாங்கில் நாங்கள் இருப்பது தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு. அப்படியென்றால் கூட்டம்தான், இல்லையா?

கப்பலுக்கு மெயில் போட்டும் கேட்டேன். கெக் லோக் சியில் படி உண்டு, சக்கர நாற்காலி பஸ்ஸில் ஏற்ற வசதியில்லை, முடியாதவர்கள் பஸ்ஸிலேயே உட்காரலாம் என்று பதில். நாற்பது டிகிரி ஊரில் நிறுத்தி வைத்த பஸ்ஸிலா என்று கணவருக்கே கோபம் வந்துவிட்டது. (ராமன் சார், வெயில் நாற்பதெல்லாம் இருக்காது என்று தெரியும். அவர் அப்படித்தான் பேசுவார்.)

இப்போது யோசனை இது: கணவரும் மகனும் பஸ் டூரில் போகட்டும். மகனுக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். நானும் அத்தையும் லிட்டில் இந்தியா, செட்டியார் கோயில், திரும்பக் கப்பல். அப்படியென்றால் பாதிக் காசும் மிச்சம். குடும்பம் இரண்டாகப் பிரிவது சரியா?

டோம்பிவிலி ராமன்:

தாராளமாகப் பிரியலாம். கணவரின் பஸ்ஸுக்கு உத்தரவாதம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அதனால் கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். செட்டியார் கோயிலைவிட்டு 5:30-க்குக் கிளம்பிவிடுங்கள், அப்போதுதான் டிராஃபிக் இருந்தாலும் ஆறேகாலுக்குள் துறைக்கு வந்துவிடலாம். கப்பல் அட்டையும் பாஸ்போர்ட் நகலும் ஆளுக்கொன்று தனித்தனியாக இருக்க வேண்டும். நாலையும் கணவரின் பர்ஸில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், மும்பைக் குடும்பங்கள் வழக்கமாகச் செய்வது அதுதான்.

மகனிடம் கடையில் இறங்காதே என்று சொல்லியனுப்புங்கள்.

முலுண்ட் சாரதா:

நான் சொன்னது பாதியாவது நடக்கிறது, சரி. அக்டோபர், நவம்பர் அங்கே மழைக்காலம். பிற்பகலில் திடீரென்று கொட்டும், அரை மணியில் விடும். மழை கொட்டும் நேரத்தில் கிராப் வண்டி லேசில் கிடைக்காது, நம் மும்பை ஜூலை மாதம் மாதிரிதான். ராமன் சார் சொன்ன 5:30-இல் இன்னும் ஒரு கால் மணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அல்லது போன டிரைவரையே காத்திருக்கச் சொல்லி ரிங்கிட்டில் பேசி முடித்துவிடுங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்று வண்டி தேடும் வேலை வேண்டாம். சிங்கப்பூர் விசா மறுபடி நுழைய அனுமதிப்பதுதானா என்று ஏஜெண்டிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள், கப்பலில் போய்த் திரும்பி வருவதும் நுழைவுதான்.

செம்பூர் வித்யா:

விசா பார்த்துவிட்டேன் அக்கா, மல்டிபிள்தான். டிரைவரைக் காத்திருக்கச் சொல்வது நல்ல யோசனை.

கடைசியாக ஒன்று. அத்தை இப்போதே அர்ச்சனைக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். கப்பலில் காலைச் சாப்பாட்டில் வைக்கும் வாழைப்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கொண்டு போகலாமே என்கிறார். விடுவார்களா?

தாராவி நஸீர்:

விடமாட்டார்கள். கப்பலிலிருந்து பழம், சாப்பாடு எதுவும் கரைக்குக் கொண்டு போகக்கூடாது. பையைச் சோதித்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே பூக்கடைகள் இருக்கின்றன, மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டே இருப்பார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் தட்டோடு அங்கேயே வாங்கிவிடலாம். அந்த வாரம் கூட்டம் நெரியும். கார் உள்ளே வராது, அம்மாவைத் தெரு முனையில் இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் போய் வாங்கி வாருங்கள்.

மகனின் நாசி கண்டாருக்கு என் தம்பியே துறைக்கு வந்து கூட்டிப் போவதாகச் சொல்கிறான், பஸ் டூர் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மட்டும் சொல்லுங்கள்.